பேட்டரியோடு படுத்தவர்

ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் பேட்டரியோட படுக்கிறதை விட்டுட்டார், ஸ்டெல்லா."

"என்னக்கா சொல்றீங்க?"

"கீழே சார்ஜ் போட்டா ஸ்கூட்டர் பேட்டரியைத் திருடிடுவாங்கன்னு, மெத்தை மேல வச்சு சார்ஜ் போட்டுட்டு மத்தியானம் பக்கத்துலயே தூங்குவார். நக்கோ, வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை அது உப்பிப் புகைய ஆரம்பிச்சுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு அவரை இழுத்துக்கிட்டு வெளியே ஓடினேன்."

"அண்ணன் பயந்துட்டாரா?"

"எங்க! பாதி வழியில சார்ஜரை எடுக்கத் திரும்பினார். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், கிழிஞ்சுது. அதுக்குள்ள மெத்தை பத்திக்கிச்சு."

"இப்ப?"

"புது பேட்டரிக்குப் பால்கனியில, வெறுந்தரையிலதான் சார்ஜ். முடியிற வரைக்கும் நாற்காலி போட்டுக் காவல் இருக்கார். எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி உக்காந்ததில்ல."