சைரன் பெட்டியின் சாவி

தடுப்பு வேலிக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று என்னைக் கேட்டால், மஞ்சள் என்பேன். சிவப்பைப் பார்த்தால் சிலருக்குத் தாண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. பச்சை மரங்களோடு கலந்துவிடுகிறது. மஞ்சள் தூரத்திலேயே தெரியும், யாரையும் சீண்டாது. இது நான் எங்கேயும் படித்ததில்லை. பத்தொன்பது வருடம் அந்த வனப் பூங்காவில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆற்று வளைவில் இருக்கிற வேலிக்கு மூன்று முறை வண்ணம் மாற்றியவன் நான்தான்.

உங்கள் விசாரணை அறிக்கையின் நகலைப் படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல் மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். காட்டு வேலை உங்களுக்குப் பழக்கமிருக்காது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பதவி மூத்த ரேஞ்சர். சட்ட அமலும் பயணிகள் பாதுகாப்பும் என் பொறுப்பு. கேட்கப் பெரிதாக இருக்கும். மானுக்கு பிஸ்கட் போடுகிறவரைத் தடுப்பதும், பாறையில் காதலியின் பெயரைச் செதுக்குகிறவனைப் பிடிப்பதும், காய்ந்த புல்லில் சிகரெட்டை வீசுகிறவருக்கு அபராதச் சீட்டு எழுதுவதும்தான் வேலை. சீட்டை எழுதி முடிப்பதற்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும். "நம்ம ஆளுதான், கொஞ்சம் பாத்து அனுப்பிடுங்க" என்பார்கள். பார்த்து அனுப்புவது என்றால் சீட்டைக் கிழிப்பது என்று அர்த்தம். நான் கிழித்த சீட்டுகளை ஒட்டினால் இந்த அறையின் சுவர் போதாது.

ஆற்றுக்கு மேலே அணை இருக்கிறது. மதகைத் திறந்தால் இருபது நிமிடத்தில் தண்ணீர் வளைவுக்கு வந்துவிடும். மற்ற நேரங்களில் அங்கே மணலும் பாறையும் கணுக்கால் அளவுத் தண்ணீரும்தான். ஒன்றும் தெரியாத பிள்ளை போல அவ்வளவு சாதுவாகக் கிடக்கும். அதனால்தான் வேலி. அதனால்தான் சைரன். மதகு திறப்பதை அணையிலிருந்து எனக்கு போனில் சொல்வார்கள். நான் கண்காணிப்புக் கோபுரத்தில் சைரனை அழுத்துவேன். ஒருமுறை யாரோ விளையாட்டாக அழுத்திவிட்டதில் பயணிகள் விழுந்தடித்து ஓடி இரண்டு பேருக்குக் கை முறிந்தது. அதன்பிறகு பெட்டிக்குப் பூட்டுப் போட்டோம். சாவி என்னிடம்தான் இருக்கும்.

என் மனைவியின் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீட்புக் குழுவில் கயிற்றில் இறங்குகிற வேலை பார்த்தவன் அவன். வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். நான்கு வருடங்களுக்கு முன்னால் மழைக்காலத்தில் ஒரு ஆள் வேலியைத் தாண்டிப் போய் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டார். படம் எடுக்கப் போனாராம். மைத்துனன் இறங்கி, தன் இடுப்புப் பட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டி மேலே அனுப்பினான். அடுத்த கயிறு கீழே வருவதற்குள் வெள்ளத்தில் ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து அவன் காலைப் பாறையோடு நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு புகார்க் கடிதம் வந்தது. காப்பாற்றப்பட்டவர் எழுதியது. பட்டையை முரட்டுத்தனமாக மாட்டியதில் தோளில் தழும்பு விழுந்துவிட்டது, கைபேசி ஆற்றோடு போய்விட்டது, பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கை வேண்டும். ஆஸ்பத்திரியில் மைத்துனனின் கட்டில் பக்கத்தில் நின்று அதை நான் வாசித்தேன்.

"விடுங்க மாமா, அவருக்குத் தழும்பாவது இருக்கு. எனக்குத் தழும்பு விழறதுக்குக் காலே இல்லையே" என்றான். அந்த வார்டே சிரித்தது. நர்ஸும் சிரித்தார். நான் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆளுக்கு நான் எழுதிய அபராதச் சீட்டும் கிழிக்கப்பட்டது. மைத்துனன் இப்போது நுழைவுச்சீட்டுக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம் நல்லபடியாகப் பேசுகிறான். நான்தான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தேன். "அவனே மறந்துட்டான், நீங்க ஏங்க இன்னும் தூக்கிச் சுமக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு வேலையின் தன்மை தெரியாது.

பிறகுதான் டீச்சர் வந்தார். உங்கள் அறிக்கையில் இறந்தவர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ரேஞ்சராக வந்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். பயிற்சி கொடுத்தது நான். உழைப்பாளி, நேரம் தவறாதவர், எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். குறை என்று சொன்னால் ஒன்றுதான். சீட்டு எழுத மாட்டார். வேலி தாண்டியவர்களோடு போய் உட்கார்ந்து பேசுவார். தண்ணீர் எப்படி வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டுவார். அவர்கள் தலையாட்டிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். சிலர் அவரோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருடத்தில் வேலி தாண்டுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். "உங்க பதினெட்டு வருஷத்துல நடக்காதது" என்று இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் நான் சைரனைப் பற்றிய என் யோசனையைச் சொன்னேன். முந்தைய வாரம் படுகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு இளைஞனை எழுப்பினேன். அவன் வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தவில்லை. "சைரன் இருக்குல்ல சார்? அடிச்சா ஓடிடப் போறோம். அது பின்ன எதுக்கு இருக்கு?" என்றான். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலியை மதிக்காததற்குக் காரணமே சைரன்தான். காப்பாற்ற ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிந்தால் மனிதர்கள் எதையும் செய்வார்கள். சைரனை எடுத்துவிட்டால் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை ஏதாவது நடக்கும். அதன்பிறகு காலத்துக்கும் யாரும் வேலியைத் தொட மாட்டார்கள். எண்ணிக்கையாகப் பார்த்தால் பல உயிர்கள் மிச்சம். இதைத்தான் நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர்தான் எழுந்தார். "சார், அந்த ஒரு தடவைல போறது யாரோ ஒருத்தரோட பிள்ளையா இருக்குமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இயக்குநர் என் நான்கு பக்கத்தையும் திருப்பி என்னிடமே தள்ளினார். வெளியே வரும்போது டீச்சர் என்னிடம் ஓடிவந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலை பத்து நாற்பதுக்கு அணையிலிருந்து போன் வந்தது. "சார், ரெண்டு மதகு திறந்தாச்சு. பதினோரு மணிக்கு உங்ககிட்ட இருக்கும்" என்றார் அங்கே இருக்கிற பொறியாளர். சரி என்று சொல்லிவிட்டு, பைனாகுலரை எடுத்து வளைவைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வேலியின் மேல் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள். நான் என் கையால் அடித்த மஞ்சளின் மேல்.

ஐந்து பேர் என்று முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு பேரும் ஒரு குழந்தையும் என்பதுதான் சரி. பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்புத் தொப்பி போட்ட பெண் குழந்தை.

சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். பதிவேட்டில், பத்து நாற்பத்திரண்டுக்கு சைரன் ஒலிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் ஒவ்வொரு முறை அழுத்திய நேரமும் தானாகப் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆட்கள்தான் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பதினொன்று இரண்டு. அது சரியான நேரம்தான். தண்ணீர் வந்த பிறகு அழுத்தினேன். மேலே நடைபாதையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

அந்தக் குடும்பம் பிழைத்துவிட்டது. தண்ணீர் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும், அவர்களோடு படுகையில் இருந்த டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மற்ற நான்கு பேரையும் பெரிய பாறைக்கு விரட்டியிருக்கிறார். குழந்தையை மேலே நீட்டினார், தகப்பன் வாங்கிக்கொண்டார், அடுத்து டீச்சரின் கையைப் பிடிப்பதற்குள் ஆள் இல்லை. தகப்பனின் வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். தண்ணீரைச் சந்திக்கட்டும் என்று நான் நினைத்தவர்கள் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுகூட எழுதப்படவில்லை. அவர்கள் அதிர்ச்சியில் இருப்பதால் எழுத வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து போன் வந்ததாம்.

டீச்சரின் அம்மா எங்கள் ரேஞ்சர் நிலையத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்திதான் எப்பவும் சொல்லிட்டு இருப்பா" என்றார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மைத்துனன் ஊன்றுகோலோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

அது போகட்டும். நேற்று என்னைப் பார்க்க வந்த பூங்காக் காவலரிடம் விசாரித்தேன். பதினேழு நாட்களாக ஒருவர்கூட வேலியைத் தாண்டவில்லை. அந்த நான்கு பக்கத்தை இயக்குநர் இப்போது எடுத்துப் படிக்கலாம்.

இனி அந்தச் சொல். 'சைரன் பொறுப்பாளரின் அலட்சியத்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடத்தில் நான் எதிலும் அலட்சியமாக இருந்ததில்லை. என் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். மறந்துவிட்டான், தூங்கிவிட்டான், வயதாகிவிட்டது என்று நாலு பேர் பேசுவதற்கு நான் இடம் கொடுக்க முடியாது. அதை அடித்துவிடுங்கள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். அனுபவமுள்ள ரேஞ்சர் ஏன் அவர்களை உடனே மேலே ஏற்றவில்லை, ஏன் பத்து நிமிடம் பாயில் உட்கார்ந்திருந்தார் என்று. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததாகவும், அவர்கள் கொடுத்த ஆரஞ்சுச் சுளையை வாங்கிக் குழந்தைக்குப் பாதி கொடுத்ததாகவும், மணலில் ஏதோ கோடு போட்டதாகவும் தகப்பன் சொல்லியிருக்கிறார். இறந்தவரின் கவனக்குறைவும் ஒரு காரணமா என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. அவரிடம் கவனக்குறைவு கிடையாது. நான் பயிற்சி கொடுத்த பெண்.

பத்து நாற்பத்தாறுக்கு அவர் என்னை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். என்னைத் தொடர்புகொள்ளவே இல்லை என்று முதலில் சொன்னேன், அது பொய். மேல் நடைபாதையில் வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"சார், வளைவுல ஒரு ஃபேமிலி உக்காந்திருக்காங்க. நான் இறங்கலாமா? இன்னிக்குத் தண்ணி திறக்கிறாங்களா?"

பதினான்கு நிமிடம் இருந்தது. சாவி மேசையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேலி ஓரம் அவருடைய சீருடை பைனாகுலரில் தெரிந்தது.

"இன்னிக்கு இல்லம்மா. நீ போய் நிதானமா உக்காந்து பேசு. உனக்குத்தான் பேச வருமே" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

எங்கள் நிலையத்தில் வாக்கி-டாக்கிப் பேச்சு பதிவாவதில்லை. பதிவாகியிருந்தால் நீங்களே போட்டுக் கேட்டிருக்கலாம். என் குரலில் துளிகூடக் கோபம் இருந்திருக்காது.