கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட்

— அப்படி இல்ல நைனா. நீ பைலட். நான் ஏர்போர்ட் டவர்ல இருக்கேன். நான் சொல்றத நீ திருப்பிச் சொல்லணும்.

— செரி கண்ணு. கொஞ்சம் லைட்டாண்ட வந்து நில்லு. என் ப்ளேனுக்கு இன்னா பேரு?

— விக்டர் டேங்கோ, கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட்.

— கடைசி மூணு எழுத்தும் கே.ஜி.எஃப்., நம்ம ஊரு! மைசூர் மைன்ஸ்ல ப்ளேன் நிக்குதுன்னு தெரிஞ்சா எதிர் வூட்டு கிருஷ்ணம்மா மொத ஆளா ஏறி சீட் புடிப்பா.

— விளையாடாத நைனா. நாளைக்கு டவர் வேலைக்கு வாய்ஸ் டெஸ்ட். போன தடவ எழுத்துப் பரீட்சை பாஸாகியும் இதுலதான் போச்சு. மைக்ல என் குரலே எழும்பலன்னாங்க.

— எனக்கு எல்லாம் க்ளியராத்தான் கீது. நீ சொல்லு.

— கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட், ஹோல்ட் ஷார்ட், ரன்வே ஜீரோ நைனர்.

— இன்னாது, என்னியா கூப்ட்டே?

— நைனர்னா ஒன்பது! ரேடியோ இரைச்சல்ல ஃபைவும் நைனும் ஒண்ணாட்டம் கேக்கும், அதுக்காக. ஹோல்ட் ஷார்ட்னா ரன்வேக்கு முன்னாடியே நிக்கணும்.

— ஹோல்ட் ஷார்ட், ரன்வே ஜீரோ நைனர். கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட்.

— எப்படி நைனா முழுசா சொல்றே? எங்க கோச்சிங்ல பாதிப் பேர் 'ரோஜர்', கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடறாங்க.

— மைன்ஸ் ஷாஃப்ட்ல அப்படி வுட்டா ஆள் போயிடுவான். கீழ நாங்க மணி அடிப்போம். மேல இஞ்சின் டிரைவர் அதே மணிய திருப்பி அடிக்கணும். அடிச்சாதான் எங்கள ஏத்தின கேஜ் நகரும்.

— இங்கயும் அதே சட்டம்தான். இப்ப செவுத்துப் பக்கம் திரும்பிக்கோ.

— எதுக்கு?

— பைலட்டுக்கு என் மூஞ்சி தெரியாதில்ல.

— இப்படியே நல்லாத்தான் கீது. சொல்லு.

— சரி, சார்லி, பிராவோன்னா ப்ளேன் ரன்வேக்குப் போற பாதைங்க. நான் திரும்பிக்கறேன். கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட், டாக்ஸி வயா சார்லி, ஹோல்ட் ஷார்ட் பிராவோ.

— ரோஜர்.

— ரோஜர் போதாது. திருப்பிச் சொல்லு.

— ரோஜர், ரோஜர்.

— நைனா, உன் லுங்கியில நெருப்பு பிடிச்சிருக்கு.

— ரோஜர் கண்ணு. சூப்பரா கீது.

— நைனா, என்னைப் பாரு. கடைசியா நான் இன்னா சொன்னேன்?

— சார்லி கீர்லின்னு ஏதோ...

— லுங்கியில நெருப்புன்னு சொன்னேன்.

— ஐயோ, எங்க?

— எங்கயும் இல்ல. உனக்குக் காது கேக்கலியா?

— டிரில் மெஷின் புடிச்சவன் எல்லாருக்கும் இதே கதைதான். ஒரு காது மைன்ஸ்லயே போச்சு. இன்னொண்ணு அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா. உன் உதட்டப் பாத்தா எனக்குப் புரிஞ்சிடும்.

— அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?

— அவ எங்க மெல்லப் பேசுனா? கடைசி வரைக்கும் கத்துனா. கேட்டுச்சு.

— லைன் வீடு, செவுரெல்லாம் மெல்லிசு, மெல்லப் பேசுன்னு என்னை மட்டும் எல்லாரும் அடக்கி வச்சாங்க. நீ க்ளியரா கீதுன்னு சொன்னத நம்பி இதே குரல்லயே பழகிட்டேனே நைனா! நாளைக்கு டெஸ்ட்!

— நைனாவுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா, என்னை வுட்டு பங்காருபேட்டை ஜங்ஷன் கூட தாண்ட மாட்டேன்னு நீ உக்காந்துடுவே. அதான் சொல்லல.

— அப்ப மாரிகுப்பம் ரயில்ல நான் சொன்னது?

— எது?

— ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தியே. நான் சொன்னதுக்கு 'செரி கண்ணு, செரி'ன்னே.

— முறுக்கு வாங்கட்டுமான்னு நீ கேட்டதா நெனச்சேன்.

— முறுக்கு இல்ல நைனா.

— வேற இன்னா? ஏன் அழுவுறே? வாயக் கையால மூடாத, எனக்குப் புரியல.

— சொல்றேன். மொதல்ல நீ செவுத்தப் பாரு. உனக்குக் கேட்டாதான் மைக்குக்கும் கேக்கும்.

— செரி. இந்தா, திரும்பிட்டேன்.

— கிலோ கால்ஃப் ஃபாக்ஸ்ட்ராட், டாக்ஸி வயா சார்லி!

— மொணமொணன்னு ஏதோ வருது.

— டாக்ஸி வயா சார்லி!

— சார்லி வருது. வயித்துலர்ந்து எடு கண்ணு.

— ஹோல்ட் ஷார்ட் பிராவோ!

— சார்லி வழியா வரேன், ஹோல்ட் ஷார்ட் பிராவோ! அடேயப்பா, இதுவா உன் குரலு? உங்கம்மா வந்து நின்னாப்ல கீது.

— திரும்பாத! இன்னொண்ணு இருக்கு!

— இந்த ஜன்னல்ல தெரியுது, எதிர்ல கிருஷ்ணம்மா ஜன்னலத் தொறக்கறா.

— தொறக்கட்டும்! பாஸானா அலகாபாத்ல ட்ரெய்னிங்! அப்புறம் கவுகாத்தியோ இம்பாலோ, எங்க போட்டாலும் நான் போவேன்! உன்னை இங்க தனியா வுட்டுட்டுப் போவேன் நைனா! இததான் ரயில்ல கேட்டேன்! கேட்டுச்சா?

— ம்.

— 'ம்' போதாது! திருப்பிச் சொல்லு!

— நளினி போவா. எங்க போட்டாலும் போவா. நைனா இங்க தனியா இருப்பான்... மணிய திருப்பி அடிச்சுட்டேன் கண்ணு. கேஜ் நகரட்டும்.