தண்ணீரில் தொங்கிய வெள்ளி

— எடுத்த எடுப்புலயே போலின்னு சொன்னா எப்பிடி மச்சான்? காந்தம் வச்சுப் பாத்தோம், ஒட்டல்லலா?

— செம்புலயும் காந்தம் ஒட்டாது தஸ்ரின். உள்ள செம்ப வச்சு மேல வெள்ளி முலாம் பூசித்தான் ஏமாத்துதான், கேட்டியா.

— ஐஸ்கட்டி வச்ச உடனே உருகி ஓடிச்சே?

— செம்புலயும் ஓடும். அதான் விஷயம்.

— பின்ன எத வச்சு எனக்க வெள்ளிய போலின்னு சொல்லுதீங்க?

— கண்ண வச்சு. நீ ஆன்லைன்ல வாங்கின கட்டியையும், நிக்காஹ்ல மாப்பிள்ள பொண்ணுக்குக் குடுக்கவேண்டிய மஹரா நான் உனக்குத் தந்த கட்டியையும் சேத்து வச்சுப் பாரு. ரெண்டும் நூறு கிராம். ரெண்டுலயும் ஒரே முத்திரை. மஹர் கட்டி எப்பிடி தடியா இருக்கு! உன்னது பப்படம் மாதிரி.

— பப்படமா? கேக் செஞ்சு வித்து, ஆசையா வாங்கினேன் மச்சான்.

— அதுக்குத்தான் அன்னிக்கே தலைதலையா அடிச்சேன், போன்ல படத்தப் பாத்து வெள்ளி வாங்காண்டாம்னு. நான் எப்பிடி வாங்கினேன்? துபாய்ல இருந்து வந்த எனக்க கூட்டாளி மீரான்ட்ட, நேருக்கு நேரா, கையில எடுத்துப் பாத்து வாங்கினேன். இந்த உபைத ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்.

— ரெண்டும் ஒரே எடைன்னா, ஒண்ணு மட்டும் எதுக்கு தடியா இருக்கு?

— உன்னதுல என்னமோ குறையுது, அதான்.

— குறைஞ்சா எடையும் குறையாண்டாமா?

— எடை... குறையல்லதான். நில்லு. ரெண்டும் நூறு. ஒண்ணு தடி, ஒண்ணு மெலிசு. ஏட்டி, நீ என்னையும் சேத்துக் குழப்புத.

— எனக்கே தலை சுத்துது.

— எதுக்கு சுத்தணும்? ரிட்டர்ன் போட்டாச்சு. கூரியர்காரன் இப்பம் வருவான், குடுத்து விட்டா தீந்துது.

— எனக்க கட்டிய என்ட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?

— உனக்க நல்லதுக்காக்கும்.

— அப்பம் அவன் வாறதுக்குள்ள ஒண்ணு செஞ்சு பாப்போம். ஈஸ்ட் நிறுக்குற சின்ன தராச எடுங்க. மேல தண்ணி தம்ளர வச்சு சைபர் ஆக்குங்க. கட்டிய நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்க விடணும், அடியில முட்டக்கூடாது.

— இத எவன் சொன்னான்?

— நீங்க திட்டுற அதே போன்தான். கை ஆடாமப் பிடிங்க. என்ன காட்டுது?

— உனக்க கட்டி ஒம்பதரை.

— இப்பம் மஹர் கட்டிய விடுங்க.

— பாத்தியா! பதினொண்ணுக்கு மேல போகுது! நான் சொன்னேன்லா? உன்னத விட எவ்வளவு கூட!

— கூட காட்டுனா நல்லதுன்னு யாரு சொன்னா?

— பின்ன? கூடன்னா கூடதான?

— மச்சான், தராசு இப்பம் காட்டுறது கட்டிக்க எடைய இல்ல. கட்டி தண்ணிக்குள்ள எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு காட்டுது. வெள்ளி தண்ணிய விட பத்தரை மடங்கு கனம். நூறு கிராம் சுத்த வெள்ளின்னா ஒம்பதரைதான் வரணும். செம்பு அத விட லேசு. அதே நூறு கிராம் வரதுக்கு கூடுதல் எடம் வேணும். தடியா இருக்கணும்.

— நீ என்ன சொல்ல வாற?

— மஹர் கட்டி எதுக்கு தடியா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

— தராசு தப்பு. மைதா ஏறி ஏறி சவம் கெட்டுப்போச்சு. இன்னொருக்க வையி.

— வச்சாச்சு. நீங்களே பாருங்க.

— அதே பதினொண்ணு... அரம் எங்க இருக்கு? மூலையில ஒரு ராவு ராவினா உள்ளயும் வெள்ளையா இருக்கும். அப்பம் பேசு.

— வேண்டாம் மச்சான். மஹர ராவாதீங்க. அது பாட்டுக்கு அலமாரியில இருந்துட்டுப் போட்டும். நான் ஒண்ணும் கேக்கல்ல.

— கைய எடு. எனக்குத் தெரியணும்.

— மெதுவா... உள்ள என்ன நிறம்?

— செவப்பா இருக்கு தஸ்ரின்.

— காட்டுங்க.

— நல்லா துடைச்சுப் பாத்தேன். உள்ள அம்புட்டும் செவப்பு. மீரானும் நானும் மதரஸாவுல ஒண்ணா ஓதினவங்க. கல்யாணத்துல பந்தி வெளம்பினவன் அவன். என் கையப் பிடிச்சு, அசல்னு சத்தியம் செஞ்சானே!

— ஒக்காருங்க. தண்ணி குடிங்க. அந்தத் தம்ளர் இல்ல, வேற தாறேன்.

— வாசல்ல கூரியர்காரன் ஹார்ன் அடிக்கான். அவன்ட்ட என்ன சொல்ல?

— திருப்பித் தர ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்புங்க. அனுப்பிட்டு, கதவச் சாத்திட்டு வாங்க.

— கதவ எதுக்குச் சாத்த?

— திண்ணையில உங்க உம்மா இருக்காங்க, அவங்க காதுல விழாண்டாம். அன்னிக்கு சபை நிறைய ஆளு இருக்க, நூறு கிராம் வெள்ளி மஹருக்கு சம்மதமான்னு கேட்டு விட்டாங்க. நான் சம்மதம்னு சொன்னேன். அந்த வெள்ளி இன்னும் எனக்கு வரல்ல மச்சான்.