தண்ணிக்குள்ள இருக்குற காத்து

— அதெல்லாம் வேணாம் மிஸ். நாளைலேர்ந்து எம் பொண்ணு அந்த மீன் தொட்டியாண்ட போவக் கூடாது. சொல்ட்டேன்.

— உக்காருங்க பூமிகா அம்மா. கம்பெனிலேர்ந்து நேரா வர்றீங்களா?

— நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு வரேன். நாஷ்டா கூட துன்னல. உக்காந்தா தூங்கிருவேன் மிஸ், நிக்கிறேன்.

— நானும் கடம்பத்தூர்லேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி வந்து, இப்பதான் தொட்டி கழுவி முடிச்சேன். முதுகு விட்டுப் போச்சு. என்ன பண்றது, புத்தகத்துல சொன்னா சயின்ஸ் ஏற மாட்டேங்குது. மீனுக்குத் தீனி போட்டு, தண்ணிய டெஸ்ட் பண்ணினாதான் பசங்களுக்குப் புரியுது.

— மத்த புள்ளைங்க பண்ணட்டும். மீன் வாடையே வேணாம்னுதான் பழவேற்காட்ட வுட்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். இப்ப அவ யூனிபார்ம்ல அதே வாடை. பேஜாரா கீது.

— மீன் செவுள் எப்படி மூச்சு விடுதுன்னு ஆறாங்கிளாஸ்லயே அவதான் அழகா சொல்றா.

— அவளா? ஊட்ல வாயே தொறக்க மாட்டா. இன்னா கேட்டாலும் தலைய ஆட்டிக்கினு போயிருவா.

— பூமிகா அம்மா... அவ அப்பா எங்க?

— கொச்சில. பெரிய போட்ல வேலை... இல்ல மிஸ். உங்களாண்ட பொய் சொல்லக்கூட தெம்பு இல்ல. முகத்துவாரத்துல போட் கவுந்து செத்துப் பூட்டாரு. ரெண்டு வருஷம் ஆவுது.

— அவகிட்ட சொல்லலையா?

— சின்னப் புள்ள. வாய் வரல. பொங்கலுக்கு வருவாரு, தீபாவளிக்கு வருவாருன்னு சொல்லிக்கினே கீறேன். நீங்க பாட்டுக்கு மீனு, தண்ணின்னு நோண்டுனா ஒரு நாள் தெரிஞ்சிரும். அந்தப் பயந்தான்.

— கொஞ்சம் உக்காருங்க.

— இன்னா மிஸ்? இன்னாச்சு?

— நேத்து தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன அளந்து காட்டினேன். எல்லாரும் போனப்புறம் பூமிகா மட்டும் தொட்டிகிட்டயே நின்னா. ‘தண்ணிக்குள்ள காத்து இருக்குதுல்ல மிஸ், அப்புறம் ஏன் எங்கப்பாவுக்குப் பத்தல?’ன்னு கேட்டா.

— ஐயோ... ஆரு சொன்னது அவளுக்கு?

— தெரியல. எப்பவோ தெரியும் போல.

— அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— நானும் அதத்தான் கேட்டேன். ‘சொல்லிடாதீங்க மிஸ், அம்மா இன்னும் அவரு கொச்சிலதான் இருக்காருன்னு நெனச்சிக்கினு இருக்குது’ன்னா.