தனிக் கம்பம்

மின்சாரத்துக்கும் சுவை உண்டு, ஐயா. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஜப்பானில் எங்கள் மத்சுமோத்தோ ஊரில் என்னைப் போல வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எந்தக் கிழவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நாலு வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் ஓடுகிற கம்பியில் வருவது கலங்கிய தண்ணீர் மாதிரி. அதனால்தான் எங்களில் சிலர் வாசலில் சொந்தமாக ஒரு மின்கம்பம் நட்டுக்கொள்கிறோம். நான் நட்டு பதினோரு வருஷம் ஆகிறது, என் மனைவி மசுயோ வளர்த்த பெர்சிமன் பழமரம் நின்ற இடத்தில்.

"பேசாம அந்தக் கம்பத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தங்கமானவள்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரல் கெட்டது. ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷினைக் கட்டிலருகே வைத்தார்கள். அதே வாரம் என் ஸ்பீக்கரில் ஒரு உறுமல். மெல்லியதுதான், வயலின் ஓய்கிற இடத்தில் மட்டும் கேட்கும். நாற்பத்திரண்டு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நிசப்தம், ஐயா. எனக்கு அழுகையே வந்தது.

சண்டை போடவில்லை. பேசித்தான் முடிவெடுத்தோம். ஞாயிறு மதியம் நான் இசை கேட்கிற ஒரு மணி நேரம் மெஷினை அணைத்துவிடுவது. அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர். அவளால் எழ முடியாது என்பதால் சிலிண்டர் மாற்றுவது என் வேலை. மெஷின் நின்றதும் உறுமலும் நின்றுவிடும். என் காது தப்பாகக் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிறும் அணைத்தேன்.

"ஏங்க, சிலிண்டர் முள்ளு அடியில கிடக்கே, காலியாகப் போகுது, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். ஒரு பக்கம் முடியட்டும், மாத்திடறேன்."

புது சிலிண்டர் மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடிக் குழல்கள் சூடேறிப் பதத்துக்கு வந்திருந்தன. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

எட்டாவது நிமிஷம் மணி அடித்தாள். தலைமாட்டில் ஒரு சின்னப் பித்தளை மணி வைத்திருந்தோம். முதலில் சாதாரணமாக அடித்தாள், அப்புறம் அவசரமாக, அப்புறம் விட்டுவிட்டு. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மணி கேட்டது, நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து போயிருந்தால் பிழைத்திருப்பாள். அந்தப் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டேன். பாதியில் விட்டால் அந்த இசைக்கு அர்த்தமே இல்லை.

சடங்கெல்லாம் முடிந்து, மெஷினையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தேன். உறுமல் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தால், நானே ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. பத்து நிமிஷ வேலை. இப்போது துளி இரைச்சல் இல்லை.

மசுயோ கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.