பாலைவனத்தில் ஒரு நீலப் பொட்டு

“தண்ணியே இல்லாத ஊரத் தண்ணியில கரைச்சா வரைஞ்சிருக்கற, அம்மணி?”

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் இப்படிக் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதி. ஆர்.எஸ்.புரத்தில் பிரேம் போட்டு வாங்கிய ஓவியம் ஒன்று அந்த அம்மாவின் மடியில் இருந்தது. மஞ்சள் மணல்மேடுகளும் வெளிறிய வானமும் மட்டுந்தான்.

“வாட்டர்கலர்னா அப்படித்தானுங்க. கிளாஸ்ல நான் முழுசா முடிச்ச மொதப் படம்.”

“பாலைவனம் எதுக்கு? ஒரு தென்னையக்கூடக் காணமே.”

“தென்னையத்தான் தெனமும் பாக்கறமுங்களே. யாரும் கூப்பிடாத எடமா ஒண்ணு வேணும்னு தோணுச்சுங்க.”

அவர் படத்தின் ஓரத்தில் விரல் வைத்தார்.

“இந்த நீலப் பொட்டு என்ன, கெணறா?”

“பிரஷ்ல இருந்து சொட்டிப்போச்சுங்க. எத்தன ஒத்தி எடுத்தும் போகல. அதனாலதான் உள் ரூமுல மாட்டிக்கலாம்னு இருக்கறனுங்க.”

“கெணறுதான் அது. அது இல்லாம அங்க நீ எப்படி இருப்ப?”

“நானுங்களா?”

“உனக்குன்னுதான வரைஞ்ச?”

அந்த அம்மா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கியபோதுதான் மெல்லக் கேட்டார்.

“ஹால்ல மாட்டுனா நல்லா இருக்குமுங்களா? அங்க டிராக்டர் கேலண்டர் தொங்குதுங்களே.”

“அதக் கழட்டிப்போடறேன்,” என்று அவர் எழுந்து, படத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.