குளத்தைத் தாண்டிய பந்து

ஒட்டுக்கேட்பது தவறுதான், இந்த வயதிலும் கேட்டேன். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது, முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

“வலது தோளைக் கீழ விட்டேன் அண்ணி, அண்ணன் வாயை மூடிட்டாரு.”

“புரியற மாதிரி சொல்லுடி.”

“கோல்ஃப்ல மட்டையை இறக்கறப்ப தோளைத் தட்டையா சுத்திட்டிருந்தேன். பந்து எப்பவும் மைதானத்துக் குளத்துலதான். இன்னிக்கும் விழுந்தா நாளைக்குப் போட்டியில நீ கிடையாதுன்னுட்டாரு, சொல்லிக்குடுக்கற அண்ணன். உடம்பை வலப்பக்கம் சாய்ச்சு, இப்படித் தோளைத் தணிச்சுத் திருப்பினேன்.”

எழுந்து செய்தே காட்டினாள். கண்டக்டர் குனிந்து தப்பினார்.

“பந்து?”

“குளத்தைத் தாண்டி, குழியில நட்ட கொடிக்குப் பக்கத்துல!”

“உங்க அண்ணன்?”

“நாளைக்கு என் மட்டைப் பையை அவருதான் தூக்கறாரு.”

“வீட்டுக்கு ஒரு காய்கறிப் பை தூக்கினதில்ல அந்த மனுஷன். உன் மட்டைப் பையில ரெண்டு செங்கல் சேர்த்துப் போட்டு வை.”